தருமபுரிச் சாலைக்கு எந்த சைக்கிள்? நாள்தோறும் நீண்ட தூரம் செல்பவருக்கான ஓர் ஒப்பீடு

வீடு காரிமங்கலத்திலும் அலுவலகம் தருமபுரியிலும் அமைந்தவன் நான். ஒரு வழிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர்; போய் வர 44. வாரத்தில் நான்கு நாள்களாவது இந்தத் தூரத்தை மிதிவண்டியில் கடக்கத் தொடங்கி இது நான்காம் ஆண்டு. அண்மையில் பாலக்கோட்டிலிருந்து பேருந்தில் வரும் சக ஊழியர் ஒருவர், "சார், நானும் சைக்கிள்ல வரலாம்னு இருக்கேன். நாற்பதாயிரத்துக்குள்ள எதை வாங்கலாம்?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நான் வாங்கிய முதல் சைக்கிள் தவறாகப் போனதும், இரண்டாவதைப் பல மாதங்கள் தேடி வாங்கியதும் நினைவுக்கு வந்தன. அவருக்குச் சொன்னதையே, சொல்ல விட்டுப்போனவற்றையும் சேர்த்து, இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சைக்கிளைப் பார்ப்பதற்கு முன் சாலையைப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் தார்ப்பரப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மிதிவண்டிக்காரன் ஓட்டுவது அந்தத் தார்ப்பரப்பின் நடுவில் அல்ல. வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறம் உள்ள ஓரத்தில். அங்கே கிரானைட் ஏற்றிச் செல்லும் லாரிகளிலிருந்து சிதறிய சல்லி, வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய எஃகுக் கம்பிகள், உடைந்த கண்ணாடி, மழை அடித்து வந்த செம்மண் எல்லாம் கிடக்கும். ஊருக்குள் நுழையும் இடங்களில் அணுகுசாலைக்கு இறங்கினால் பள்ளங்களும் வேகத்தடைகளும் உண்டு. கிராமச் சாலைகளுக்குத் திரும்பினால் நெருஞ்சி முள்ளும் சீமைக் கருவேல முள்ளும் காத்திருக்கும். ஆகவே வழவழப்பான பந்தயப் பாதைக்கென்று செய்யப்பட்ட மெல்லிய டயர் நமக்கு ஆகாது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்தது ஏற்றம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஓசூரோ 900 மீட்டரை நெருங்குகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி பக்கம் வேலைக்குச் செல்பவர் மேலுமலைக் கணவாயை ஏறித்தான் ஆக வேண்டும். தருமபுரியிலிருந்து தெற்கே போகிறவருக்குத் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. கனரக வண்டிகள் கட்டுப்பாட்டை இழந்து அடிக்கடி விபத்துக்குள்ளாகும் அந்த இறக்கத்தில் வேலைக்காக நாள்தோறும் சைக்கிள் ஓட்டும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். காரிமங்கலம், தருமபுரி இடையே பெரிய மலையேற்றம் இல்லை. நீண்டு கிடக்கும் மெல்லிய ஏற்ற இறக்கங்களும் மேம்பாலங்களும் உண்டு. அதோடு காற்று. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, தருமபுரி நோக்கிச் செல்லும் எனக்குக் காலையில் நேர் எதிராக நிற்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதன் பொருளைப் பேருந்தில் இருந்துகொண்டு முழுதாக உணர முடியாது.

இந்தச் சாலைக்கு, நாற்பதாயிரம் ரூபாயை எல்லையாக வைத்துக்கொண்டு பார்த்தால், வழக்கமான கியர் இல்லாத சைக்கிள், முன்புறம் ஷாக் அப்சார்பர் வைத்த மலைச் சைக்கிள் போன்றது, நேரான ஹேண்டில் பாருடைய ஹைப்ரிட், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில் பாருடைய புதிய ரோடு சைக்கிள், அதைவிட உயர்ந்த தரத்தில் பழைய ரோடு சைக்கிள் ஆகியவை நம் முன் நிற்கின்றன. மின்கலச் சைக்கிளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதற்குப் பின்னர் வருகிறேன்.

வழக்கமான 28 அங்குல சைக்கிளை யாரும் இழிவாக நினைக்கக் கூடாது. இந்த மாவட்டத்தில் பால் கேன்களையும் தீவனக் கட்டுகளையும் இன்றும் அதுதான் சுமக்கிறது. அதன் சக்கரங்களில் முன்புறம் 32 கம்பி, பின்புறம் 40 கம்பி என்பது பழைய மரபு. அவ்வளவு எளிதில் ரிம் கோணாது. டியூப், டயர், பிரேக் கட்டை, பால்ஸ், கோன் என எந்த உதிரிப்பாகமும் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். ஏழெட்டு ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும். ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பதே என் கருத்து. தூரம் கூடும்போதுதான் இதன் குறை தெரிகிறது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்ற ஒரே அமைப்பில், ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் முன்னே செல்லும். சமதளத்தில் இது சரியான அளவு. நூற்றுக்கு ஐந்து என்ற சரிவில் அதே 5.4 மீட்டரைத் தள்ளுவதற்கு முழங்கால் மூட்டில் விழும் சுமை மிக அதிகம்; இறங்கித் தள்ளுவதைத் தவிர வேறு வழியிருக்காது. எதிர்காற்றிலும் இதே கதைதான்.

இரண்டாவது வகையைப் பற்றிச் சொந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன், ஏனெனில் நான் முதலில் வாங்கியது அதுதான். தடித்த டயர், முன் ஷாக், பின்னாலும் ஒரு ஸ்பிரிங், 21 கியர் என்று எழுதிய பெயர்ப்பட்டை. கடையில் நின்றபோது இத்தனையும் இந்த விலைக்கா என்று வியந்து பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். விலை மலிந்த ஷாக் என்பது எடையைக் கூட்டும் இரும்புக் குழாயும் ஸ்பிரிங்கும் மட்டுமே. ஒவ்வொரு மிதியின்போதும் அது அமுங்கி எழுந்து, சக்கரத்துக்குப் போக வேண்டிய உழைப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. கட்டை வைத்த டயர் தார்ச்சாலையில் ஓசையோடு உரசிக்கொண்டே வரும். 18 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டியில் அலுவலகம் சேர ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகும். ஆறாம் மாதம் பின்சக்கர அச்சு வளைந்தது. மலைப்பாதையில் விளையாட்டுக்காக ஓட்டுபவர்களுக்கென்று தரமான வண்டிகள் இருக்கின்றன. அவற்றின் விலை வேறு. வேலைக்குப் போகிறவர், தோற்றத்தைக் கண்டு மலிவான ஷாக் வண்டியை வாங்குவது பணத்துக்கும் உடம்புக்கும் கேடு.

அந்த அச்சு ஏன் வளைந்தது என்பதைத் தெரிந்துகொண்டது பிற்காலத்தில் எனக்குப் பெரிதும் உதவியது. முன்னால் மூன்று, பின்னால் ஏழு பற்சக்கரம் சேர்ந்ததே அந்த 21 கியர். பின்னால் ஏழு கியருள்ள மலிவு வண்டிகள் பலவற்றில் இருப்பது பிரீவீல் எனப்படும், திருகி மாட்டும் பற்சக்கரக் கொத்து. அந்த அமைப்பில் வலப்பக்கத்து பேரிங் பற்சக்கரக் கொத்துக்கு உள்ளே தள்ளி அமைந்திருப்பதால், அதற்கு வெளியே நீண்டிருக்கும் அச்சு தாங்கலின்றி நிற்கிறது. கேரியரில் பையும் கீழே பள்ளமும் சேரும்போது அந்த நீட்சி வளையும் அல்லது முறியும். எட்டு கியரும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளில் வழக்கமாக வரும் கேசட் வகையில், பேரிங் அச்சின் நுனிக்கு அருகே தள்ளி வைக்கப்பட்டிருக்கும்; சுமையை நன்றாகத் தாங்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். விளம்பரத்திலும் இராது. வாங்குபவர்தான் "பின்னாடி பிரீவீலா, கேசட்டா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எடை குறைந்தவர்களுக்கும் சுமையில்லாமல் செல்பவர்களுக்கும் பிரீவீல் பல ஆண்டு உழைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி உண்மையான போட்டி ஹைப்ரிட்டுக்கும் ரோடு சைக்கிளுக்கும் இடையில்தான்.

ஹைப்ரிட் என்பது 700சி எனப்படும் ரோடு சைக்கிளின் பெரிய சக்கரத்தையும் மலைச் சைக்கிளின் நேரான ஹேண்டில் பாரையும் சேர்த்துச் செய்தது. பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரத்துக்குள் ஷாக் இல்லாத நல்ல வண்டி கிடைக்கிறது. டயரின் அகலம் பெரும்பாலும் 35 மில்லிமீட்டருக்குக் குறையாது. முன்னால் மூன்று பற்சக்கரம் உள்ள வகையில், மிகச் சிறிய கியரில் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே வண்டி நகரும். மேலுமலையையும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு மாட்டுவதற்குத் துளைகள் இருக்கும். நிமிர்ந்து உட்காருவதால் தருமபுரி நான்கு ரோடு போன்ற நெரிசலில் சுற்றிலும் நன்றாகத் தெரியும். பிரேக்கும் கியரும் விரலுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும். இத்தனை நன்மைகளுக்கும் நாம் கொடுக்கும் விலை காற்று.

இதைக் கணக்கில் பார்ப்பது நல்லது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறோம், எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் காற்றைப் பிளப்பதற்கு மட்டும் ஏறக்குறைய 170 வாட் உழைக்க வேண்டும். வளைந்த ஹேண்டில் பாரின் கீழ்ப்பிடியைப் பிடித்து உடலைத் தாழ்த்துபவருக்கு அதே வேகத்துக்கு 115 வாட் போதும். பயிற்சி பெறாத, உடல்நலமுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய உழைப்பே ஏறக்குறைய 100 முதல் 150 வாட்தான் என்பதை நினைவில் வைத்தால், இந்த வேறுபாட்டின் பெருமை விளங்கும். முதலாமவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வியர்த்துப் போய்ச் சேருவார். இரண்டாமவர் ஓரளவு இயல்பாக வந்து சேருவார். ஐந்து கிலோமீட்டரில் இது பெரிதாகத் தெரியாது. இருபது கிலோமீட்டரில், அதுவும் நாள்தோறும், இதுவே சைக்கிளைத் தொடர்வதா கைவிடுவதா என்பதை முடிவு செய்கிறது.

வளைந்த ஹேண்டில் பாருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மேலே, பிரேக் லீவர் மீது, கீழே என மூன்று இடங்களில் கையை மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். ஒரே பிடியில் ஒரு மணி நேரம் ஓட்டினால் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போவதை ஹைப்ரிட் ஓட்டும் நண்பர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நேரான பாரின் இரு முனைகளிலும் கொம்பு போன்ற பிடிகளை மாட்டிக்கொண்டால் இந்தத் துன்பம் பாதியாகக் குறையும்.

எடையைப் பற்றி மக்கள் கொள்ளும் கவலை அளவுக்கு மீறியது என்று எனக்குத் தோன்றுகிறது. 11 கிலோ வண்டிக்கும் 14 கிலோ வண்டிக்கும் இடையே உள்ள மூன்று கிலோ, ஓட்டுபவரையும் பையையும் சேர்த்த மொத்தத்தில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்குதான். ஏற்றத்தில் அந்த அளவுக்கு உழைப்புக் கூடும். சமதளத்தில் அதுவும் இல்லை. மூன்று கிலோ குறைப்பதற்குப் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர், அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் விளக்குக்கும் செலவிட்டால் சாலையில் அதிகப் பயன் காண்பார்.

எடையைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது கியரின் கீழ் எல்லை. மலிவான புதிய ரோடு சைக்கிள்களில், முன்னால் 44 பல்லுடன் ஒரே பற்சக்கரமும், பின்னால் 14 முதல் 28 பல் வரையிலான ஏழு கியரும் கொண்ட அமைப்பு உண்டு. அதன் மிகச் சிறிய கியரில் ஒரு மிதிக்கு வண்டி 3.4 மீட்டர் செல்லும். நிமிடத்துக்கு 60 மிதி என்ற அளவில், நூற்றுக்கு ஐந்து சரிவில் இதை ஏற்றுவதற்கு ஏறக்குறைய 170 வாட் வேண்டும். முன்னால் 50, 34 என இரண்டு பற்சக்கரமும் பின்னால் 32 பல் வரை போகும் எட்டு கியர் கேசட்டும் உள்ள வண்டியில், மிகச் சிறிய கியரில் ஒரு மிதிக்கு 2.3 மீட்டர், அதே சரிவு, அதே மிதி வேகம், 115 வாட் போதும். வேகம் குறைவாக இருக்கும், ஆனால் மூச்சிரைக்காமல் ஏறலாம். காரிமங்கலம், காவேரிப்பட்டணம் போன்ற ஊர்களிலிருந்து தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ செல்பவருக்கு முதல் வகையே போதும். சூளகிரி, ஓசூர் திசையில் செல்பவர் இரண்டாவது வகைக்குக் குறைந்து எதையும் வாங்க வேண்டாம். பெரிய கியரைப் பார்த்து யாரும் மயங்க வேண்டியதில்லை. 50க்கு 11 என்ற கியரில் நிமிடத்துக்கு 80 மிதி போட்டால் மணிக்கு 47 கிலோமீட்டர் வேகம் வரும். கோப்புப் பையோடு அலுவலகம் செல்லும் நமக்கு அந்த வேகத்துக்கு எங்கே வேலை?

கியர் மாற்றும் லீவர் எங்கே இருக்கிறது என்பது பாதுகாப்பைத் தொட்ட கேள்வி. மிக மலிவான ரோடு சைக்கிள்களில் அது ஹேண்டில் பாரின் நடுப்பகுதியிலோ சட்டத்திலோ இருக்கும். கியர் மாற்ற ஒரு கையைப் பிரேக்கிலிருந்து எடுத்தாக வேண்டும். நம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருசக்கர வண்டிகள் எதிர்த்திசையில் வருவது அன்றாடக் காட்சி. அணுகுசாலையிலிருந்து டிராக்டர் திடீரென ஏறும். அந்த நேரத்தில் இரண்டு கையும் பிரேக்கில் இருக்க வேண்டும். ஷிமானோ நிறுவனத்தின் எட்டு வேக (அதாவது பின்னால் எட்டு கியருள்ள) கிளாரிஸ், ஒன்பது வேக சோரா ஆகிய பாகத் தொகுதிகளில் பிரேக் லீவரையே பக்கவாட்டில் தள்ளிக் கியர் மாற்றலாம். ஏழு வேக டூர்னியிலும் இந்த வசதியுள்ள லீவர் உண்டு. பணத்துக்கு ஏற்ற பயன் என்று பார்த்தால் கிளாரிஸ் போதும் என்பது என் முடிவு. சோரா இன்னும் சற்று மென்மையாக மாறும். ஆனால் எட்டு வேகச் செயினும் கேசட்டும் விலை குறைவு, தேய்மானத்தையும் தாங்கும்.

டயர் விஷயத்தில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சட்டத்திலும் முன் ஃபோர்க்கிலும் 32 மில்லிமீட்டர் டயருக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு அழகான வண்டியானாலும் விட்டுவிடுங்கள். 25 மில்லிமீட்டர் டயரில் 90, 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று அடித்தால்தான் பள்ளத்தில் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்காமல் தப்பும். அப்படி அடித்தால் சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்குத் தெரியும். 32 மில்லிமீட்டருக்கு 60, 65 போதும். வேக இழப்பு மிகக் குறைவு. ரிம்மை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பழைய வகைக் காலிப்பர் பிரேக் பொருத்திய ரோடு சைக்கிள்கள் பலவற்றில் 28க்கு மேல் நுழையாது, மட்கார்டும் மாட்ட முடியாது. டிஸ்க் பிரேக் வண்டிகளில் இந்த இடநெருக்கடி பெரும்பாலும் இல்லை. டிஸ்க் என்றால் கேபிளால் இயங்குவதையே பரிந்துரைப்பேன்; வழியில் கேபிள் அறுந்தாலும் காரிமங்கலத்திலேயே மாற்றிவிடலாம். எண்ணெயில் இயங்குவது இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதில் காற்றுப் புகுந்தால் சரிசெய்யக்கூடிய கை இங்கே அருகில் இல்லை.

பஞ்சர் கடை நிலவரம் இதுதான். முதல் முறை என் ரோடு சைக்கிளுடன் போய் நின்றபோது, இருபது ஆண்டுகளாக அந்தத் தொழில் செய்யும் அண்ணன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒட்டிக் குடுத்துடுவேன் சார். ஆனா இந்த சைசு டயரு நம்மகிட்ட வராதுங்க, பெங்களூருதான் போவணும்" என்றார். அவர் சொன்னது சரி. வழக்கமான 28 அங்குல சைக்கிளின் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். 700சியின் விட்டம் 622. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. இந்தக் குறை ஹைப்ரிட்டுக்கும் பொருந்தும். ரோடு சைக்கிள் டியூபில் வரும் மெல்லிய பிரஸ்டா வால்வுக்குள் கடைக் காற்றுக்குழாய் பொருந்தாது. சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டும். இரண்டு டியூப், டயர் கழற்றும் லீவர், சிறிய பம்பு, ஒட்டும் பட்டை, சொல்யூஷன் ஆகியவற்றோடு, மாற்று டயர் ஒன்றையும் வீட்டில் வாங்கி வைத்துவிட்டால் பெங்களூரு தூரம் ஒரு பொருட்டல்ல. டயரின் அடியில் முள் தடுக்கும் அடுக்கு உள்ள ஷ்வால்பே மாரத்தான் போன்றவை எடை கூடியவை, விலையும் கூடுதல். லாரி டயர்க் கம்பிகள் கிடக்கும் நம் சாலைக்கு அவை தகும். நான் மாற்றிய பிறகு பஞ்சர் மாதத்துக்கு இரண்டு என்பது ஆண்டுக்கு மூன்று என்றானது.

புதிய ரோடு சைக்கிளின் விலை ஏறக்குறைய இருபத்தைந்தாயிரத்தில் தொடங்குகிறது. மேலே சொன்ன கிளாரிஸ், டிஸ்க், 32 மில்லிமீட்டர் டயர் எல்லாம் சேர்ந்தால் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டி மீதான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே அதற்கு முன் எழுதப்பட்ட விலைப்பட்டியலை நம்பாமல் புதிய விலையைக் கேளுங்கள். மேலும் ஒரு செலவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: ஹெல்மெட், முன் பின் விளக்குகள், மட்கார்டு, கேரியர், பூட்டு, பம்பு. இவற்றுக்கு ஐயாயிரம் ரூபாய் வேண்டும். மார்கழிக் காலையில் பின்விளக்கு இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏறுவது உயிரோடு விளையாடுவது. ஆகவே நாற்பதாயிரம் இருந்தால் முப்பத்தைந்தாயிரத்துக்குத்தான் வண்டி பார்க்க வேண்டும்.

அங்கேதான் பழைய வண்டி முன்னுக்கு வருகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டரில் பெங்களூரு இருப்பது நமக்கு வாய்த்த வசதி. ஆர்வத்தில் வாங்கி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மாடியில் நிறுத்திவைத்த ரோடு சைக்கிள்கள் அங்கே பாதி விலைக்கு விற்பனைக்கு வருகின்றன. நான் ஓட்டுவது அப்படி வாங்கியதுதான். ஆனால் பார்க்கத் தெரியாமல் வாங்கக் கூடாது. சட்டத்தில் குழாய்கள் சேரும் வெல்டிங் ஓரங்களை, குறிப்பாகப் பெடல் அச்சைச் சுற்றியும் ஹேண்டிலுக்குக் கீழேயும், வெளிச்சத்தில் தடவிப் பாருங்கள். தலைமுடி இழை போன்ற மெல்லிய கோடு தெரிந்தால் அலுமினியச் சட்டத்தை வாங்காதீர்கள், அதை நம் ஊர் வெல்டிங் பட்டறையில் சரிசெய்ய முடியாது. செயினில் 24 கண்ணிகளை அளந்தால் 305 மில்லிமீட்டருக்கு மிக அருகில் வர வேண்டும், 306.5க்கு மேல் போனால் செயின் தேய்ந்துவிட்டது, 308 என்றால் கேசட்டும் போயிற்று. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக் கோட்டம் பாருங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்துள்ள எண்ணையும் வாங்கிய பில்லில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பில் இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராகத் தோன்றினாலும், அந்த வண்டி வேறொருவர் இழந்ததாக இருக்கக்கூடும். பெரும் பந்தயத்துக்கென்று செய்த 20 கம்பி சக்கர வண்டிகளும் மலிவாக வரும். நமக்கு 28 கம்பிக்குக் குறையக் கூடாது, 32 இருந்தால் நிம்மதி.

மின்கலச் சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வேக எல்லையும் உடையதற்குப் பதிவெண்ணோ ஓட்டுநர் உரிமமோ வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் வயதில் மூத்தவர்களுக்கும் இது நல்ல துணை. நாற்பதாயிரத்துக்குள் கிடைப்பவற்றில் மின்கலம் சிறியது. 44 கிலோமீட்டருக்கு இடையில் ஒரு முறை அலுவலகத்திலேயே சார்ஜ் ஏற்ற வேண்டியிருக்கும். மின்கலம் தீர்ந்துவிட்டால் இருபது கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை மிதிக்க வேண்டும். சில ஆண்டுகளில் மின்கலத்தை மாற்றும் செலவும் வரும்.

பணக் கணக்கு எனக்கு இரண்டாம்பட்சம். இருந்தாலும் கேட்பவர்கள் அதையும் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 200 நாள், நாளுக்கு 44 கிலோமீட்டர் என்றால் 8,800 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் மோட்டார் சைக்கிளில் இதற்கு 176 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 17,600 ரூபாய். சைக்கிளில் மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு செயின், ஆண்டுக்கு ஒரு பின் டயர், பிரேக் பேட், கேபிள் என்று நான்கைந்து ஆயிரம் ஆகும். முப்பத்தைந்தாயிரம் ரூபாய் வண்டி மூன்றாம் ஆண்டுக்குள் தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் இல்லை. அங்கிருந்து வேலைக்குப் போவோர் பேருந்தையோ சொந்த வண்டியையோ நம்பியே இருக்கிறார்கள் என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்து எண்ணிப் பார்க்கிறேன்.

என்னைப் போல ஒரு வழிக்கு இருபது கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் செல்பவருக்கு, 32 மில்லிமீட்டர் டயர் ஏற்கும் கிளாரிஸ் தர ரோடு சைக்கிளைப் பழையதாகத் தேடி வாங்குவதே முதல் தேர்வு. பழையதை ஆராய்ந்து வாங்கப் பொறுமையோ துணையோ இல்லாதவர் புதிய மலிவு ரோடு சைக்கிளை வாங்கி டயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் வரை, அல்லது பாதி வழி ஊருக்குள்ளும் கிராமச் சாலையிலும் போகிறவருக்கு ஹைப்ரிட் பொருந்தும்.

ஆனால் கேள்வி கேட்ட சக ஊழியருக்கு நான் இறுதியில் சொன்னது இந்தக் கணக்கிலிருந்து சற்று மாறியது. பாலக்கோட்டுத் தூரத்துக்கு ரோடு சைக்கிள்தான் சரி என்று எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அவர் கணவரையும் அழைத்துக்கொண்டு பெங்களூரு போனேன். அவர் உயரம் 155 சென்டிமீட்டர். கடைகளில் இருந்த ரோடு சைக்கிள்களில் மிகச் சிறியதிலும் கை நீட்டி நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிரேக் லீவருக்கு விரல் முழுதாக எட்டவில்லை. அளவு பொருந்தாத வண்டியில் காற்றை வெல்லும் நன்மையெல்லாம் கழுத்து வலியிலும் தோள் வலியிலும் கரைந்துபோகும். பிரேக் எட்டாதது ஆபத்தும்கூட. அவருக்குப் பொருந்தியது மேல் குழாய் சரிந்து தாழ்ந்த, சிறிய அளவு ஹைப்ரிட். ஷாக் இல்லாதது, முன்னால் மூன்று பற்சக்கரம், 35 மில்லிமீட்டர் டயர். சுடிதார் சிக்காமல் இருக்கச் செயின் மூடியும், பாரின் முனைகளில் கொம்புப் பிடிகளும் மாட்டச் சொன்னேன். விளக்கும் ஹெல்மெட்டும் சேர்த்து முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், காற்று எழுவதற்கு முன் ஆறு மணிக்கே கிளம்புவது என்று வைத்துக்கொண்டிருக்கிறார். மாலையில் தருமபுரியிலிருந்து வடமேற்கே திரும்பும்போது காற்று பக்கவாட்டில் அடிக்கும். ஆடி வந்ததும் அதற்கு இன்னொரு கியர் இறக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.